வண்டியின் விதானம் கூறும் வரலாறு



வரலாறு என்றவுடன் அரசர்களின் போர்களும், கோட்டை கொத்தளங்களும், கல்வெட்டுகளும் நம் நினைவுக்கு வருதல் இயல்பே. ஆயின், மனிதன் தன் கையால் செய்த எளிய பொருள்களிலும் அவன் காலத்தின் வரலாறு பதிந்து கிடக்கின்றது. அத்தகைய பொருள் ஒன்றனை இன்று எடுத்துக்கொள்வோம். பழைய மோட்டார் வண்டிகளின் கூரைக்கு உட்புறத்தில், பயணம் செய்வோரின் தலைக்கு மேலே, துணி ஒன்று விரித்துக் கட்டப்பட்டிருக்கும். பட்டறைக்காரர்கள் இதனை 'ரூஃப் லைனிங்' என்பர். நாம் 'விதானம்' என்னும் நம் பழஞ்சொல்லாலேயே இதனை வழங்குவோம்.

இவ்விதானம் நைந்து தொங்கும்போது அதனைப் புதுப்பிப்போர் உலகின் பல நாடுகளிலும் உள்ளனர். அவர்களுக்குத் தையற்காரரின் கை வேண்டும். அதனோடு வரலாற்றாசிரியரின் கண்ணும் வேண்டும். ஏன் வேண்டும் என்பதை அமெரிக்க நாட்டு வண்டிகளைச் சான்றாகக் கொண்டு காண்போம்.

இந்நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் தொடக்கத்தில் மோட்டார் வண்டிகளுள் பெரும்பாலானவற்றுக்கு நிலையான கூரையே இல்லை. 1908-இல் வெளிவந்த ஃபோர்டு 'மாடல் டி' வண்டியில் மக்கள் மிகுதியாக வாங்கியது, மடக்கும் துணிக்கூரை கொண்ட திறந்த வகையே. நாற்புறமும் அடைத்து, கண்ணாடிச் சாளரம் வைத்த வண்டி செல்வர்க்கே உரியதாயிருந்தது. 1919-இல் அந்நாட்டில் விற்ற வண்டிகளில் பத்தில் ஒரு பங்கே மூடிய வண்டிகள். 1927-இலோ நூற்றுக்கு எண்பத்தைந்து மூடிய வண்டிகள்! எட்டே ஆண்டுகளில் ஒரு நாட்டின் பயணப் பழக்கமே மாறிவிட்டது. மழையிலும் பனியிலும் வண்டி ஓட்டலாம் என்றாயிற்று. தலைக்கு மேலே கூரை வந்தது. அதற்கு அடியில் விதானமும் வந்தது.

இம்மூடிய வண்டிகளைக் கட்டியோர் யாவர்? குதிரை வண்டி கட்டிப் பழகிய கைகளே. ஒஹாயோ மாநிலத்து நார்வாக் என்னும் ஊரில் கொல்லுத் தொழிலும் வண்டித் தொழிலும் செய்த குடும்பத்திலிருந்து வந்தவர்கள் ஃபிஷர் சகோதரர்கள். 1908-இல் டெட்ராய்ட் நகரில் இவர்கள் தொடங்கிய நிறுவனம் மோட்டார் வண்டிகளுக்கு உடற்கூடு கட்டித் தந்தது. 1926-இல் அது முழுமையாக ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் உடைமையாயிற்று. மோட்டார் யுகத்தின் அந்நிறுவனம் தன் முத்திரையில் பொறித்துக்கொண்டது பழைய கோச்சு வண்டியின் உருவத்தையே என்பது நினைக்கத்தக்கது.

அக்காலத்து உடற்கூடு மரச்சட்டத்தின்மேல் உலோகத் தகடு போர்த்தியதாகும். கூரையின் நடுப்பகுதியிலோ தகடு இல்லை. கூரை முழுவதையும் ஒரே துண்டாக மூடத்தக்க அகலமான எஃகுத் தகடு எளிதில் கிடைக்கவில்லை. ஆகவே மரச் சட்டங்களின்மேல் கம்பி வலையை விரித்து, அதன்மேல் பஞ்சைப் பரப்பி, நீர் புகாதபடி பூச்சிட்ட துணியால் போர்த்தினார்கள். உட்புறத்தில் அதே மரத்தில் சிற்றாணிகள் அறைந்து விதானத் துணியைப் பொருத்தினார்கள். சில ஆண்டுகளில் மேற்பூச்சு வெடிக்கும், மழைநீர் கசியும், மரம் உளுத்துப்போகும், விதானத்தில் பழுப்புக் கறை படரும்.

இந்நிலையில் எஃகுத் தொழிலில் ஒரு மாறுதல் நிகழ்ந்தது. 1920-களில் அகலமான தகடுகளை இடைவிடாது உருட்டித் தள்ளும் ஆலைகள் தோன்றின. அவற்றோடு பெரிய அழுத்து எந்திரங்களும் வந்தன. இவற்றின் பயனாக 1935-ஆம் ஆண்டு வண்டிகளில் ஒரே தகட்டாலாகிய கூரையை ஜெனரல் மோட்டார்ஸ் அமைத்து, 'டரட் டாப்' எனப் பெயரிட்டது. ஃபோர்டு நிறுவனமும் 1937-இல் எஃகுக் கூரைக்கு மாறியது.

கசிவு நீங்கியது, புதிய தொல்லை பிறந்தது. அகன்ற தகடு ஓட்டத்தில் முரசுபோல் அதிர்ந்தது; வெயிலில் கொதித்தது. எனவே அதன் உட்புறத்தில் தடித்த மெத்தைத்துணி ஒட்டினார்கள். விதானத்துக்கும் வேறு வழி தேவைப்பட்டது. எஃகில் சிற்றாணி அறைய இயலாதன்றோ? வில்லாக வளைத்த கம்பிகளைக் கூரையின் இருபுறத் துளைகளிலும் செருகினார்கள். பாவாடைக்கு நாடா கோக்க மடிப்புத் தைப்பதுபோலத் துணியின் மேற்புறத்தில் மடிப்புகள் தைத்து, அவற்றினூடே அக்கம்பிகளைக் கோத்தார்கள். இவ்வாறு விதானம் தொங்கும் விதானமாயிற்று. எஃகாலையில் நிகழ்ந்த மாறுதல் தையற்காரரின் ஊசியையும் மாற்றிய வகை இது.

இனி, புதுப்பிக்கும் முறையைப் பார்ப்போம். முதலில் வண்டியின் உள்விளக்கையும், வெயில் மறைப்பையும், ஓரச் சட்டங்களையும் கழற்ற வேண்டும். பல வகை வண்டிகளில் முன்பின் கண்ணாடிகளையும் எடுக்க நேரும். துணியின் விளிம்பு அவற்றின் அடியிற் செல்கிறது. கம்பி விற்களைக் கழற்றும்போதே முன்னிருந்து வரிசையாக எண்ணிட்டு வைத்தல் இன்றியமையாதது. ஒவ்வொரு வில்லின் நீளமும் வளைவும் வேறு. ஒன்று இடம் மாறினாலும் துணி சுருங்கும். கம்பியின் துருவைத் தேய்த்து, வண்ணம் பூச வேண்டும். இல்லையேல் அத்துரு புதிய துணியிலும் கறையாக இறங்கும். சில பழைய வண்டிகளின் கூரைத் திணிப்பில் கல்நார் கலந்திருத்தல் கூடும். அதன் தூள் நுரையீரலுக்குப் பெருங்கேடு. ஆதலின் ஆய்ந்தறியாமல் சுரண்டுதல் தகாது.

பழைய துணியின் தையலைப் பிரித்தால் அதுவே புதிய துணியை வெட்டுதற்கு அளவாகும். எனினும் அது நாட்பட்டு இழுபட்டிருக்கும். ஆகவே ஓரங்களில் மிகுதி விட்டு வெட்டி, இறுதியில்தான் நறுக்க வேண்டும். மாட்டும்போது நடுக்கோட்டை நிலைநிறுத்தி, முன்னும் பின்னும் இழுத்து, அதன்பின் பக்கங்களைச் சிறிது சிறிதாக இழுப்பர். குடைத்துணியை ஓரிடத்தில் மிகுதியாக இழுத்தால் மற்றோரிடத்தில் மடிப்பு விழும், இங்கும் அவ்வாறே. கம்பளித் துணியாயின், எஞ்சிய சுருக்கங்களை மெல்லிய நீராவி போக்கும்.

பிற்கால வண்டிகளில் முறை வேறு. அச்சில் வார்த்த அட்டையின்மேல் நுரைப்பஞ்சு ஒட்டிய துணியைப் பதித்தார்கள். வெப்பத்தாலும் ஈரத்தாலும் அந்நுரை பொடியாகிவிட, துணி தொங்குகிறது. அதன்மேல் எத்தனை பசை தடவினும் நில்லாது. பொடி முழுவதையும் துடைத்துவிட்டே புதிய துணி ஒட்ட வேண்டும்.

இனி நம் வினாவுக்கு வருவோம். கிழிந்த பழந்துணி குப்பைதானா? அதனைக் கூர்ந்து நோக்குங்கள். விளக்கின் அடியிலும் ஓரச் சட்டத்தின் மறைவிலும் வெயில் படாத பகுதியில் முதல் நிறம் அப்படியே இருக்கும். மரத்தில் ஒரே வரிசை ஆணித்துளை இருப்பின் அது முதல் விதானம் எனலாம்; இரண்டு வரிசை இருப்பின் முன்னரே ஒருமுறை மாற்றியிருக்கிறார்கள் என ஐயுறலாம். கறை படிந்த இடம், மேலே கூரையில் கசிவு எங்கே என்பதைச் சுட்டும். நூலும், தையலின் இடைவெளியும் செய்தவரின் பழக்கத்தைச் சொல்லும். இவற்றைக் குறித்துக்கொள்ளாமல் துணியைக் கிழித்தெறிந்தால் எந்நூலிலும் கிட்டாத சான்று அழிந்துவிடும்.

நம் முன்னோர் பழைய ஏட்டைப் புதிய ஏட்டில் படியெடுத்தபின், பழையதை ஆடிப்பெருக்கில் ஆற்றில் விடும் வழக்கம் இருந்தது. படியில் விடுபட்ட அடி பின்னர் எவருக்கும் கிடைக்கவில்லை. புதுப்பித்தலில் உள்ள ஆபத்து இதுவே.

வண்டி ஓடுவதற்கன்றோ, தலையில் விழும் கந்தலோடு எவர் செல்வார் என்று கேட்பீர்கள். அது நியாயமான கேள்வியே. பழம் வண்டிகளுக்கான உலகக் கூட்டமைப்பாகிய ஃபிவா, கட்டடங்களைப் பாதுகாக்க 1964-இல் எழுந்த வெனிஸ் சாசனத்தைப் பின்பற்றி, 2013-இல் டூரின் சாசனத்தை ஏற்றது. உள்ளதைக் காத்தல் முதற்கடன். புதுப்பித்தல் அதற்கு அடுத்தபடி. செய்த மாற்றங்களைப் பதிவு செய்தல் கடமை என்பது அதன் நெறி. இதனை விதானத்துக்குப் பொருத்திப் பாருங்கள். துணி உறுதியாயிருந்தால் தூசு நீக்கி விட்டுவிடலாம். தையல் மட்டும் பிரிந்திருந்தால் அதனை மட்டும் தைக்கலாம். அந்துப்பூச்சி அரித்து உருக்குலைந்திருந்தால் மாற்றத்தான் வேண்டும். அப்போதும் முதல் நிறம் தெரியும் ஒரு துண்டை, மாற்றிய நாளைக் குறித்து, உறையிலிட்டு வைக்கலாம். இதற்கு ஆகும் செலவு ஓர் உறையின் விலையே.

மாணவர்களே! உங்கள் வீட்டிலும் பாட்டனார் காலத்துப் பெட்டியோ, நாற்காலியோ, கடிகாரமோ இருக்கக்கூடும். பழுது பார்க்கக் கொடுக்குமுன் அதனை ஒருமுறை திருப்பி, அடிப்புறத்தையும் உட்புறத்தையும் பாருங்கள். கண்டதைக் குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். உங்களுக்குப் பின்வருவோர் அக்குறிப்பைத் தேடுவர்.