ஆளே இல்லாத ஆறு ஊருக்கு மேயர் எதுக்கு?

இன்னைக்கு எபிசோடு ஒரு பக்ல ஆரம்பிக்குது. அந்த பக் என்னோடதுதான்.

பிரான்ஸ்ல உள்ளாட்சிப் பகுதிக்கு ‘கொம்யூன்’னு பேரு. மொத்தம் சுமார் 35,000 இருக்கு. ஒவ்வொண்ணுலயும் ஒரு ஆளுக்கு எவ்வளவு நிலம் வருதுன்னு பார்க்க ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதினேன். ஓடிட்டே இருந்தது, திடீர்னு ஜீரோவால வகுக்க முடியாதுன்னு நின்னுடுச்சு. பார்த்தா ஆறு கொம்யூன்ல மக்கள்தொகை 0. டேட்டா தப்புன்னு நினைச்சு அந்த ஆறு ரோவையும் தூக்கிட்டேன்.

தப்பு டேட்டாவுல இல்லை. அது எல்லாமே வெர்தன் பக்கத்துக் கிராமங்கள். 1916 பிப்ரவரியில தொடங்கி டிசம்பர் வரை நடந்த போர்ல தரைமட்டமானவை. அதுல ஃப்ளூரிங்கிற ஊர்ல போருக்கு முன்னாடி நானூறு பேருக்கு மேல இருந்தாங்க. வெடிக்காத குண்டும் விஷவாயுவும் கலந்த மண்ணுல திரும்பக் குடியேற அரசு விடலை. ஆனா கொம்யூனைக் கலைக்கவும் இல்லை. 1919ல வந்த சட்டப்படி, மேயர் வேலையைப் பார்க்க ஒருத்தரை அரசே நியமிக்குது. இன்னைக்கு வரைக்கும் அப்படித்தான்.

யாரும் இல்லாத ஊரை ஏன் கலைக்கலை? இதுக்கு 1789க்குப் போகணும்.

புரட்சி நடந்த அந்த வருஷம், பழைய நிர்வாகக் குழப்பத்தை மொத்தமா அழிச்சுட்டுப் புதுசா எழுதணும்னு கிளம்பினாங்க. (என் ஆபீஸ்ல வருஷத்துக்கு ஒருத்தராவது இதைச் சொல்லுவாங்க.) தூரேன்னு ஒரு வழக்கறிஞர், சியெஸோட யோசனையை ஒட்டி ஒரு திட்டம் வெச்சார். நாட்டையே 70 கிலோமீட்டருக்கு மேல பக்கம் உள்ள சதுரங்களா வெட்டணும். ஒவ்வொண்ணையும் ஒன்பதாப் பிரிச்சா மொத்தம் 720 கொம்யூன். எல்லாம் ஒரே அளவு. பார்க்க அவ்ளோ அழகு!

மிராபோ ஒத்துக்கலை. பரப்பளவை வெச்சு வெட்டாதீங்க, ஜனத்தொகையையும் இருக்கிற ஊர்களையும் பாருங்கன்னு வாதாடினார். கடைசியில 1789 டிசம்பர் 14 சட்டம், ஒவ்வொரு நகரத்துக்கும் ஒவ்வொரு திருச்சபைப் பங்குக்கும் ஒரு நகராட்சின்னு முடிவு பண்ணிடுச்சு. 720 எங்கே, கிடைச்ச சுமார் 44,000 எங்கே!

இதை நான் தோல்வின்னு சொல்ல மாட்டேன். ஒரு பங்குங்கிறது வெறும் எல்லைக்கோடு இல்லை. பொது மேய்ச்சல் நிலம், காடு, கோயில் மணி, ஞானஸ்நானப் பதிவேடு எல்லாம் அதோட ஒட்டியிருந்தது. 1792ல பிறப்பு, கல்யாணம், இறப்புப் பதிவும் கொம்யூன் கைக்கு வந்துச்சு. ஊரைக் கலைச்சா, அங்க பிறந்தவங்களுக்குச் சொல்லிக்க ஒரு ஊர் இல்லாம போகும்.

அதனாலதான் அளவுகள் இப்படித் தாறுமாறா இருக்கு. ஆர்ல் 759 சதுர கிலோமீட்டர். காஸ்தெல்மொரோன் தால்ப்ரே பத்து ஏக்கர்கூட இல்லை. மார்செய்ல எட்டரை லட்சம் பேருக்கு மேல. ஆனா பாதிக்கு மேற்பட்ட கொம்யூன்கள்ல 500 பேர்கூடக் கிடையாது. டென்மார்க் 2007ல 271 நகராட்சிகளை ஒரே வீச்சுல 98 ஆக்கினது. பிரான்ஸ் 1971ல இணைப்புக்குச் சட்டம் போட்டும் பெருசா ஒண்ணும் நடக்கலை.

‘கொம்யூன்’னதும் புதுச்சேரி நண்பர்கள் சிரிச்சிருப்பீங்க. 1880ல பிரெஞ்சு அரசு அங்கேயும் கொம்யூன் சபைகளைக் கொண்டு வந்தது. அரியாங்குப்பம், பாகூர், திருநள்ளாறு எல்லாம் இன்னைக்கும் கொம்யூன் பஞ்சாயத்துதான். 1954 அக்டோபர் 18, கீழூர்ல இந்தியாவோட சேரலாமான்னு ஓட்டுப் போட்ட 178 பேர்ல பிரதிநிதி சபை உறுப்பினர்களோட நகராட்சி உறுப்பினர்களும் இருந்தாங்க. ஆதரவு 170, எதிர்ப்பு 8. அப்படி ஒரு நாட்டையே முடிவு பண்ண சபைகளுக்கு 1968க்கு அப்புறம் தேர்தல் நடந்தது 2006லதான். அந்தப் பதவிக்காலம் 2011ல முடிஞ்சது. 2021ல அறிவிச்ச தேர்தலும் நடக்கலை. பாகூர்ல ஆள் இல்லைன்னு யாரும் சொல்ல முடியாது.

ஸ்கிரிப்ட்ல அந்த ஆறு ரோவையும் திரும்பச் சேர்த்துட்டேன். கடைசிக் காலத்தை மட்டும் காலியா விட்டிருக்கேன்.