தொடக்க இசைப்பாடமும் குடிப்பெயர்ச்சியும்

தமிழகத்தில் கருநாடக இசை பயிலப் புகும் மாணவன் முதற்கண் கற்பன சரளிவரிசை, சண்டைவரிசை, அலங்காரம் என்பன. மாயாமாளவகௌளையில் இவற்றை நிரல்பட வகுத்தவர் கன்னடப் புலவரான புரந்தரதாசர் (1484–1564) என்பது மரபுவழிச் செய்தி. அடுத்து வரும் மலகரி கீதங்களிற் கன்னடம் பயில்கின்றது. அதன்பின் வரும் வருணங்களிற் பெரும்பாலன தெலுங்கு. பாடமுறை என நாம் கொள்ளும் இவ்வடைவு, மக்கள் பெயர்ந்து வந்து குடியேறிய வரலாற்றின் அடுக்கே என்பது எம் துணிபு.

விசயநகரப் பேரரசின் சார்பில் 1532-இல் தஞ்சையில் நாயக்கர் ஆட்சி தோன்றிற்று. தெலுங்கரும் கன்னடரும் காவிரிக் கரையிற் குடியேறினர். அமைச்சர் கோவிந்த தீட்சிதர் கன்னட மரபினர். அவர் மைந்தர் வேங்கடமகியே 72 மேளங்களை வகுத்தார். பின்வந்த மராட்டியர் கதையும் பாட்டும் விரவிய தம் கீர்த்தன முறையைக் கொணர்ந்தனர்.

ஐரோப்பியர் வரவு இன்னும் சுவையுடையது. சென்னையை அடுத்த மணலியில் வாழ்ந்த காலத்தில், முத்துசாமி தீட்சிதர் (1775–1835) கும்பினியாரின் பேண்டு இசையைக் கேட்டார். அம்மெட்டுகளுக்குச் சங்கராபரணத்தில் வடமொழிச் சாகித்தியம் இயற்றினார். அவையே நோட்டுசுரங்கள். கமகம் மிகாமையின் சிறார்க்கு எளியவை. ஆதலின் தொடக்கப் பாடத்தில் இடம்பெற்றன. மெட்டு மேலைநாட்டது, மொழி வடமொழி, ஆசிரியர் திருவாரூரர், பாடுவது தமிழ்ச்சிறுமி! இவர்தம் இளவல் பாலுசாமி தீட்சிதர் ஐரோப்பியர் ஒருவரிடம் பிடில் பயின்றார். அக்கருவியை அயலதென்று இன்று எவரும் எண்ணுவதில்லை.

இனி, மொழிபற்றிய வழக்கைக் காண்போம். 1941-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திற் கூடிய தமிழிசை மாநாடு, பயிற்சியிலும் அரங்கிலும் தமிழ்ப்பாடல்களுக்குரிய இடத்தை வேண்டிற்று. முத்துத்தாண்டவரும் அருணாசலக் கவிராயரும் பாடிய நாட்டில் இதற்கு எதிர்ப்பெழுந்தது வியப்பே. வேண்டுகோள் முற்றும் நேரிது என்போம். ஆயினும், சரளிவரிசையை அகற்றுக என்பது அவ்வியக்கத்தின் கோரிக்கையன்று. வந்தேறிய பாடமுறை அத்துணை வேரூன்றியிருந்தது. பாடல்களின் மொழியே வழக்காயிற்று.

இன்று திருப்பூர்ப் பள்ளிகளில் பீகார், ஒடிசா மாநிலத் தொழிலாளர் பிள்ளைகளும் பயில்கின்றனர். அவர்தம் வீட்டுப் பாடல்களுக்கு இசைவகுப்பில் இடமுண்டோ என ஐயுறும் ஆசிரியர், தாம் நாள்தோறும் கற்பிக்கும் வரிசைகள் துங்கபத்திரைக் கரையினின்று வந்தவை என்பதை மாணவர்க்குச் சொல்லியேனும் தொடங்கலாம்.