விருதுப் பட்டியல்களின் வரலாறு: அச்சுக் கலைக்களஞ்சியம் முதல் தமிழ் விக்கிப்பீடியா வரை

2019 பிப்ரவரி இறுதியில் தமிழ்நாடு அரசு கலைமாமணி விருதுகளை அறிவித்தது. 2011 முதல் 2018 வரையிலான எட்டு ஆண்டுகளின் விருதுகள் ஒரே அறிவிப்பில் வெளிவந்தன. விருது பெற்ற கலைஞர்கள் 201 பேர். 2025 செப்டம்பரில் 2021, 2022, 2023 ஆகிய மூன்று ஆண்டுகளுக்கும் சேர்த்து 90 பேர் அறிவிக்கப்பட்டார்கள். செய்தித்தாளுக்கு இவை ஒரு நாள் செய்தி. பட்டியல் தொகுப்பவருக்கோ இங்கேதான் வேலை தொடங்குகிறது. ஒரு நாதசுரக் கலைஞரின் பெயருக்கு எதிரே எந்த ஆண்டை எழுதுவது? விருதுக்குரிய ஆண்டா, அறிவித்த ஆண்டா? அவருடைய வாழ்க்கை வரலாற்றுக் கட்டுரையில் ஓர் ஆண்டும் பட்டியலில் வேறோர் ஆண்டும் இருந்தால், பின்னால் வரும் ஆய்வாளர் எதை நம்புவார்?

விருதுப் பட்டியலைப் பலரும் எழுத்தர் வேலையாகவே எண்ணுகிறார்கள். எங்கோ இருப்பதை எடுத்து அடுக்கினால் போதும் என்பது அவர்கள் எண்ணம். தமிழில் இந்தப் பட்டியல்கள் உருவான வரலாற்றைப் பின்தொடர்ந்தால், அவற்றின் ஒவ்வொரு வரிசையும் ஒரு முடிவு என்பதும், அந்த முடிவுகளை இன்று ஊதியமின்றி எடுத்துவருபவர்கள் விக்கிப்பீடியாவின் தன்னார்வத் தொகுப்பாளர்கள் என்பதும் தெரியவரும். அவர்கள் செய்வதை ஆய்வுப் பணி என்றே இக்கட்டுரை கருதுகிறது.

தமிழில் அகரவரிசைப்படி செய்திகளைத் திரட்டும் மரபு தனிமனித உழைப்பில் வேரூன்றியது. யாழ்ப்பாணத்து முத்துத்தம்பிப் பிள்ளையின் அபிதான கோசம் 1902இல் வந்தது. ஆ. சிங்காரவேலு முதலியாரின் அபிதான சிந்தாமணி 1910இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் வழியே வெளியாயிற்று. அதன் விரிந்த இரண்டாம் பதிப்பு 1934இல் வந்தபோது ஆசிரியர் உயிரோடு இல்லை. கூட்டு உழைப்பாக இப்பணி மாறியது தி. சு. அவினாசிலிங்கம் தொடங்கிய தமிழ் வளர்ச்சிக் கழகத்தில்தான். பெரியசாமித் தூரனை முதன்மை ஆசிரியராகக் கொண்டு, கலைக்களஞ்சியத்தின் பத்துத் தொகுதிகள் 1954 முதல் 1968 வரை வெளிவந்தன.

முதல் தொகுதி வந்த அதே 1954இல்தான் டெல்லியில் சாகித்திய அகாதமியும் லலித் கலா அகாதமியும் தொடங்கப்பட்டன. விருதுகளின் காலமும் கலைக்களஞ்சியத்தின் காலமும் ஒன்றாகவே பிறந்தன, ஆனால் சேர்ந்து நடக்க முடியவில்லை. அகிலனுக்குச் சாகித்திய அகாதமி விருது கிடைத்தது 1963இல், ஞானபீடம் கிடைத்தது 1975இல். அகரத்தில் தொடங்கும் பெயர்களைத் தாங்கிய முதல் தொகுதியோ 1954இலேயே அச்சேறிவிட்டது. இதில் தூரனின் குழுவைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆண்டுதோறும் ஒரு வரி வளரும் செய்தியை அச்சுத் தொகுதியால் பின்தொடர முடியாது.

அந்தத் தடை நீங்கியது இணையத்தில். 2001 ஜனவரியில் ஆங்கிலத்தில் தொடங்கிய விக்கிப்பீடியாவுக்கு 2003இல் தமிழ்ப் பதிப்பு பிறந்தது. யாழ்ப்பாணத்தைச் சேர்ந்தவரும் ஐக்கிய அரபு அமீரகத்தில் பணிபுரிந்தவருமான கட்டடக் கலைஞர் இ. மயூரநாதன் அந்த ஆண்டிலேயே அதில் எழுதத் தொடங்கி, பின்னர் ஆயிரக்கணக்கான கட்டுரைகளைத் தந்தார். எ-கலப்பை போன்ற இலவசத் தட்டச்சுக் கருவிகள் ஒருங்குறித் தமிழை வீட்டுக் கணினிக்குக் கொண்டுவந்த காலம் அது. 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் மின்வடிவாக்கியதால், கொழும்பு நூலகத்துக்குப் போக வழியில்லாத ஒருவரும் சான்று காட்ட முடிந்தது. 2013இல் பத்தாண்டு நிறைவைச் சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் கொண்டாடினார்கள். 2017இல் கட்டுரைகளின் எண்ணிக்கை ஒரு லட்சத்தைத் தொட்டது.

இனி ஒரு பட்டியலுக்குள் நுழைந்து பார்ப்போம். தமிழுக்கான சாகித்திய அகாதமி விருதை எடுத்துக்கொள்வோம். 1955இல் ரா. பி. சேதுப்பிள்ளையின் ‘தமிழின்ப’த்தோடு அது தொடங்குகிறது. ஆண்டு, நூல், ஆசிரியர், நூலின் வகை என நான்கு பத்திகள் போதும் என்றுதான் தோன்றும். ஆனால் 1957இல் தமிழுக்கு விருது இல்லை. 1959, 1960, 1964, 1976 ஆகிய ஆண்டுகளிலும் இல்லை. அந்த வரிசைகளை நீக்கிவிட்டால், தகவல் விடுபட்டதா, விருதே வழங்கப்படவில்லையா என்று படிப்பவருக்குத் தெரியாது. ‘விருது வழங்கப்படவில்லை’ என்று வெளிப்படையாக எழுதிவைப்பதும் ஒரு செய்திதான், அதற்கும் சான்று வேண்டும்.

அடுத்தது இறப்புக்குப் பிந்தைய விருது. 1954 டிசம்பரில் மறைந்த கல்கிக்கு 1956இல் ‘அலை ஓசை’க்காக விருது கிடைத்தது. 1964இல் மறைந்த பாரதிதாசனுக்கு 1969இல் ‘பிசிராந்தையார்’ நாடகத்துக்காகக் கிடைத்தது. கு. அழகிரிசாமியின் பெயருக்கு எதிரே 1970 என்று இருக்கிறது, அவர் இறந்ததும் அதே ஆண்டில். இந்த இடங்களில் ஓர் அடிக்குறிப்பு இல்லையென்றால், ஆசிரியர் விருதைக் கையில் வாங்கினார் என்றே அடுத்த தலைமுறை நினைக்கும்.

பிறகு புனைபெயர்கள். 1984இல் விருது பெற்ற லட்சுமியின் இயற்பெயர் திரிபுரசுந்தரி. 1987இன் ஆதவன், கே. எஸ். சுந்தரம். 1962இன் சோமு யார் என்று அறிய அவரை மீ. ப. சோமுவோடு பொருத்த வேண்டும். விக்கிப்பீடியாவில் இன்னும் எழுதப்படாத கட்டுரைக்கான இணைப்பு சிவப்பாகத் தெரியும். பட்டியலில் சிவப்பாக நிற்கும் ஒவ்வொரு பெயரும் யாரேனும் எழுத வேண்டிய ஒரு வாழ்க்கை வரலாற்றுக்கான அழைப்பு. இணைப்புத் தவறான ஆளிடம் கொண்டுபோய் விட்டாலோ, ஒருவருடைய விருது இன்னொருவரின் கணக்கில் ஏறிவிடும்.

பட்டியல் முழுமை பெற்ற பிறகு, தனித்தனிச் செய்திகளில் தெரியாதது தெரிகிறது. 1955 முதல் 2024 வரை தமிழுக்கான இந்த விருதைப் பெற்ற பெண்கள் நால்வர் மட்டுமே: ராஜம் கிருஷ்ணன் (1973), லட்சுமி (1984), திலகவதி (2005), அம்பை (2021). எந்த ஆண்டின் அறிவிப்பும் இதைச் சொல்லவில்லை. எழுபது ஆண்டுகளை ஒரே பக்கத்தில் நிறுத்திய பட்டியல் சொல்கிறது. தொகுப்பாளர் இங்கே கருத்து எதையும் சேர்க்கக் கூடாது, சேர்க்கத் தேவையும் இல்லை.

முடிவுகள் எப்படி எட்டப்படுகின்றன என்பதுதான் அச்சு மரபிலிருந்து பெரிய விலகல். ஒவ்வொரு திருத்தமும் பக்கத்தின் வரலாற்றில் நேரத்தோடு பதிவாகிறது. கருத்து வேறுபாடு உரையாடல் பக்கத்துக்குப் போகிறது, பொதுவான கொள்கைச் சிக்கல் ‘ஆலமரத்தடி’ என்ற பொது மன்றத்துக்கு வருகிறது. சிங்காரவேலு முதலியார் எதை ஏன் விட்டார் என்பதை இன்று நாம் ஊகிக்கத்தான் முடியும். கலைமாமணி விருதின் ஆண்டை மாற்றிய தொகுப்பாளர் காரணத்தை எழுதிவைத்திருந்தால், அது அங்கேயே நிற்கும்.

ஒரே செய்தி பல பக்கங்களில் ஒத்துப்போக வேண்டும் என்ற சிக்கலைச் சென்னையின் மேற்குப் புறநகரில் உள்ள மாங்காடு வேறொரு தளத்தில் காட்டுகிறது. பேரூராட்சியாக இருந்த மாங்காடும் பக்கத்துக் குன்றத்தூரும் 2021இல் நகராட்சிகளாயின. மாங்காடு காஞ்சிபுரம் மாவட்டம். ஒட்டியே இருக்கும் பூந்தமல்லி திருவள்ளூர் மாவட்டம். ஆக, ஓர் ஊரின் நிலை மாறினால் பேரூராட்சிப் பட்டியலில் நீக்கம், நகராட்சிப் பட்டியலில் சேர்ப்பு, பல பக்கங்களில் பொதுவாக இடம்பெறும் மாவட்ட வார்ப்புருவிலும் பகுப்பிலும் திருத்தம் என்று பல பக்கங்கள் அசைய வேண்டும். எல்லையை நன்கறிந்தவர் உள்ளூர்க்காரர், வார்ப்புருவைத் திருத்தத் தெரிந்தவர் எங்கோ அயல்நாட்டில் இருக்கலாம். விருதுப் பட்டியலும் அப்படித்தான் நிறைகிறது. 2012இல் தொடங்கிய விக்கித்தரவு, ஒரு தரவை ஒரே இடத்தில் திருத்திப் பல மொழிகளில் பயன்படுத்த வழிசெய்தது. ஆனால் எது சரியான தரவு என்பதை அங்கும் மனிதரே முடிவு செய்ய வேண்டும்.

இலக்கிய விருதுகளைவிட ஓவிய, சிற்ப விருதுகளைப் பட்டியலிடுவது கடினம். இதற்குக் காரணம் ஆர்வக்குறைவு அல்ல. சாகித்திய அகாதமி விருதில் ஒரு மொழிக்கு ஓர் ஆண்டில் ஒரு நூல். லலித் கலா அகாதமியின் தேசியக் கண்காட்சி விருதுகளுக்கு மொழிப் பிரிவு கிடையாது, ஓராண்டில் பலர் பெறுகிறார்கள். 1850இல் தொடங்கிய சென்னை ஓவியப் பள்ளிக்கு நெடிய மரபு உண்டு. அதன் முதல்வராயிருந்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி லலித் கலா அகாதமியின் முதல் தலைவர். கே. சி. எஸ். பணிக்கர் 1966இல் உருவாக்கிய சோழமண்டலம் ஓவியர் கிராமம் இன்றும் இயங்குகிறது. இருந்தும் அந்தக் கலைஞர்களின் விருதுகளை உறுதி செய்யப் பழைய கண்காட்சிக் கையேடுகள் வேண்டும். அவை கடைகளில் விற்கும் நூல்கள் அல்ல. கலைஞர்களின் குடும்பங்களிடமும் கல்லூரி நூலகங்களிலும் இருப்பவற்றை மின்வடிவாக்கி, நூலகம் திட்டம் ஈழத்துக்குச் செய்ததை இங்கேயும் செய்தால் மட்டுமே இந்தப் பட்டியல்கள் நிறையும். அதுவரை தொகுப்பாளர் ஐயமுள்ள பெயரைச் சேர்க்காமல் விடுவதே நேர்மை.

கடைசியாக இன்னொரு பட்டியல். கனடாவின் தமிழ் இலக்கியத் தோட்டம் 2001 முதல் வழங்கும் இயல் விருதின் பட்டியல் சுந்தர ராமசாமியில் தொடங்குகிறது. 2009இல் கோவை ஞானி, ஐராவதம் மகாதேவன் என ஒரே ஆண்டில் இருவர். 2015ஆம் ஆண்டுக்கு எதிரே இருக்கும் பெயர் இ. மயூரநாதன். அந்த விருது அவருக்குக் கிடைத்தது தமிழ் விக்கிப்பீடியாவில் ஆற்றிய பணிக்காக. அந்த வரிசைக்கும் மற்ற வரிசைகளைப் போலவே சான்று கேட்கப்படும்.