கேள்விக்குள் கேள்வி

பிரெஞ்சு வழியில் படித்தவனுக்கு "ரெக்கேத்" என்றால் மனு. வேலையின் பிற்பகுதியில் ஆபீசுக்குக் கணினி வந்த பிறகுதான், தரவுத்தளத்திடம் கேட்பதற்கும் பிரெஞ்சுக்காரர் அதே சொல்லைச் சொல்வது தெரிந்தது. மனுவுக்குள் இன்னொரு மனு இருந்தால் "சூ-ரெக்கேத்".

1974-இல் ஐபிஎம்மில் சேம்பர்லினும் பாய்ஸும் அமைத்த சீக்வெல் மொழியிலேயே (பின்னாளைய எஸ்க்யூஎல்) இந்தக் கேள்விக்குள் கேள்வி உண்டு. ஆனால் 1995-இல் சுவீடனில் பிறந்த மைஎஸ்க்யூஎல்லுக்கு அது தெரியாது. வேகமானது, காசும் கேட்காது. ஆகவே ஊரெல்லாம் அதுதான். 2004 அக்டோபரில் 4.1 பதிப்பு முறையாக வெளிவந்தபோதுதான் குறை தீர்ந்தது.

அதுவரை? எங்கள் ஆபீஸ் இளைஞர் செய்ததைச் சொல்கிறேன். நவம்பரில் உயிர்வாழ் சான்று தராதவர்களின் பென்ஷனை நிறுத்திக் குறிக்க வேண்டும். பென்ஷன்தாரர் ஒரு அட்டவணையில், சான்றுகள் வேறொன்றில். ஒரே மனுவில் முடியாததால், அவருடைய பெர்ல் நிரல் முதலில் சான்றில்லாதவர்களின் எண்களை மட்டும் கேட்டு வாங்கும். நடுவே காற்புள்ளி போட்டு ஒரே சரமாகக் கோக்கும். பிறகு, "இந்த எண்காரர்களை நிறுத்து" என்று இரண்டாம் மனு. ஒருவரும் பாக்கியில்லை என்றால் வெற்று அடைப்புக்குறி போய், பிழை என்று திரும்பிவரும். அதற்குத் தனியாக ஒரு சோதனை. கையேட்டில் இன்னொரு வழியும் இருந்தது: மைஎஸ்க்யூஎல்லையே கட்டளை வரிகளை எழுதவைத்து, அவற்றை அதற்கே திரும்ப ஊட்டுவது. குமாஸ்தா எழுதிய குறிப்புக்குக் குமாஸ்தாவே ஒப்புதல் கொடுத்த மாதிரி!

ஒரு வருடம் முதல் மனு போட்டு, பட்டியலை அச்செடுத்து, சரிபார்க்க என்னிடம் கொடுத்தார்கள். பார்த்துக் கையெழுத்திட்டேன். சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டாம் மனு போயிற்று. இடையில் ஒரு பாட்டியம்மா சான்றைக் கொடுத்து, பக்கத்து மேசையில் பதிவும் ஆகியிருந்தது. கையிலிருந்த சரத்துக்கு அது எப்படித் தெரியும்? அந்த மாதம் அவருக்குப் பணம் வரவில்லை. பஸ் ஏறி வந்து, "நான் செத்துட்டேனா ஐயா?" என்று என் மேசை முன்னாலேயே கேட்டார்.

அதன்பின் நிரலை மாற்றினோம். சரிபார்த்தது ஆனதும் இரண்டு அட்டவணைகளையும் பூட்டி, பட்டியலைப் புதிதாக எடுத்து, உடனே இரண்டாம் மனு, பிறகு திறப்பு. அந்தச் சில நொடிகள் பக்கத்து மேசை காத்திருக்கும். பாட்டியம்மாவின் நிலுவை அடுத்த மாதம்தான் போய்ச் சேர்ந்தது.