கல்லூரிப் பெரும்போரும் இணைய நேரலையும்

யாழ்ப்பாணம் மத்திய கல்லூரிக்கும் பரியோவான் கல்லூரிக்கும் இடையே 1904ஆம் ஆண்டில் தொடங்கி, ‘வடக்கின் பெரும்போர்’ என்று பிரசித்தி பெற்ற துடுப்பாட்டப் போட்டி, ஒரு நூற்றாண்டுக்கு மேலாக மைதானத்தின் எல்லைக்கோட்டைச் சூழ்ந்து நின்றவர்களுக்கு மட்டுமே பிரத்தியட்சமாக இருந்தது. அது இணைய நேரலையின் வாயிலாகக் கடல் கடந்து வாழும் அபிமானிகளின் கைப்பேசிக்கு வந்து சேர்ந்த வரலாறே இங்கு கூறப்படுகிறது. இலங்கை வழக்கில் கல்லூரி என்பது உயர்தர வகுப்புவரை கற்பிக்கும் பள்ளியைக் குறிக்குமாதலால், ஆடுவோர் பத்தொன்பது வயதுக்கு உட்பட்ட மாணவர்கள். பார்ப்போரோ, நேற்று கல்லூரியை விட்டு வெளியேறியவர் முதல் பேரன் பேத்தி எடுத்த முதியவர்வரை பல தலைமுறையினர்.

மத்திய கல்லூரி 1816இல் வெஸ்லியன் மெதடிஸ்த மிஷனாலும், பரியோவான் கல்லூரி 1823இல் ஆங்கிலிக்கத் திருச்சபை மிஷனாலும் தோற்றுவிக்கப்பட்டவை. கொழும்பில் றோயல் கல்லூரிக்கும் சென் தோமஸ் கல்லூரிக்கும் இடையே 1879இல் தொடங்கிய போட்டியே இத்தீவின் கல்லூரிப் பெரும்போர்களுள் மூத்தது. வடக்கில் 1904இன் போட்டியைத் தொடர்ந்து, வட்டுக்கோட்டை யாழ்ப்பாணக் கல்லூரிக்கும் பத்திரிசியார் கல்லூரிக்கும் இடையே ‘பொன் அணிகளின் போர்’ 1917இல் உதயமாயிற்று. மார்ச் மாதத்தில் கல்லூரிக் கொடிகளோடும் பாண்டு வாத்தியத்தோடும் மாணவர் ஊர்வலமாக வருவதும், பழைய மாணவர்கள் எங்கிருந்தாலும் விடுப்பெடுத்துக்கொண்டு ஊர் திரும்புவதும் பிரிக்கவொண்ணாத சம்பிரதாயங்களாக வேரூன்றின. போட்டியைப் பார்ப்பது என்றால் ஊருக்குப் போவது என்பதே அக்காலத்தில் பொருள்.

வானொலி 1925இலும் ரூபவாஹினி தொலைக்காட்சி 1982இலும் இலங்கையில் தோன்றின என்றாலும், வடபுலத்துக் கல்லூரிகளின் ஆட்டத்தைப் பந்து பந்தாகச் சொல்ல அச்சாதனங்களுக்கு அவகாசம் இருக்கவில்லை. வர இயலாதவர்கள் செய்தித்தாளையும் உறவினர் எழுதும் கடிதத்தையுமே நம்பியிருந்தார்கள். பின்னர் உள்நாட்டு யுத்தம் வந்தது. சில ஆண்டுகளில் போட்டியே நடைபெறாமற்போயிற்று. நடந்த ஆண்டுகளிலும், அதைக் காண வேண்டியவர்கள் தொறொன்ரோவிலும் இலண்டனிலும் சிட்னியிலும் சிதறிப்போயிருந்தார்கள். அவ்வூர்களில் பழைய மாணவர் சங்கங்கள் நிறுவப்பட்டு, கல்லூரியின் பெயரும் பாசமும் காக்கப்பட்டன. ஆட்டம் மட்டும் கண்ணுக்கு எட்டவில்லை.

1993இல் தோன்றிய கிரிக்கின்ஃபோ, ஆட்டத்தின் ஓட்டக்கணக்கை எழுத்தில் உடனுக்குடன் உலகெங்கும் அனுப்பலாம் என்பதை நிரூபித்தது. 2005இல் பிறந்த யூடியூப், படத்தையும் அவ்வாறே அனுப்பும் வழியை நாளடைவில் திறந்தது. 2016இல் பேஸ்புக் தன் நேரலை வசதியை எல்லோருக்கும் அளித்தபோது, ஒளிபரப்பு நிலையமோ உரிமமோ இல்லாத எவரும் ஒரு கைப்பேசியை முக்காலியில் நிறுத்தி ஆட்டத்தை உலகுக்குக் காட்டலாம் என்ற நிலை ஏற்பட்டது. 2009இல் யுத்தம் முடிந்து வடக்கில் தொலைத்தொடர்பு விரிந்த காலமும் இதனோடு பொருந்தியது. மைதானங்களில் முழங்கும் பப்பரே வாத்தியத்தின் பெயரைத் தாங்கி, கொழும்பிலிருந்து நடத்தப்படும் ‘தி பப்பரே’ எனும் விளையாட்டு இணையதளம், கல்லூரிகளின் றக்பி, துடுப்பாட்டப் போட்டிகளை நேரலையாகக் காட்டுவதையே தன் பிரதான காரியமாகக் கொண்டு வளர்ந்து, தமிழிலும் செய்தி வெளியிடலாயிற்று. யாழ்ப்பாணத்து உள்ளூர் ஊடகத்தாரும் பழைய மாணவர்களும் தத்தம் பங்குக்கு இப்பணியில் இறங்கினார்கள்.

இதன் இயக்கம் பாமரருக்கும் விளங்கக்கூடியதே. காமிரா பிடிக்கும் படம் உடனே சுருக்கப்பட்டு, சில விநாடி நீளமுள்ள துண்டுகளாக வகுக்கப்பட்டு, இணையத்தின் வழியே சேவை நிலையத்தை அடைகிறது. அங்கே ஒரே படம் பல தரங்களில் ஆயத்தமாக வைக்கப்படுவதால், இணைப்பின் வேகம் குறைந்தவருக்கு மங்கலாகவும் வேகம் மிகுந்தவருக்குத் துலக்கமாகவும் அது கிடைக்கிறது. இத்துண்டுகள் சேர்ந்து வரும் காலதாமதம் அரை நிமிஷத்தை எட்டுவதும் உண்டாகையால், மைதானத்தில் நிற்கும் நண்பர் தொலைபேசியில் ‘விக்கெட் போச்சு’ என்று கூவிவிட்ட பிறகே, தூரத்தில் இருப்பவர் அந்தப் பந்து வீசப்படுவதைக் காண்கிறார். யாழ்ப்பாணத்தில் காலை பத்து மணிக்கு ஆட்டம் நடக்கையில், தொறொன்ரோவில் நள்ளிரவை ஒட்டிய நேரமாக இருக்கும். அங்கு வாழ்பவர் நித்திரையைத் துறந்தே தம் கல்லூரியைக் காண வேண்டும்.

நேரலையின் பயனைக் கருதும்போது தனிக் கவனத்துக்கு உரிய ஊர் தமிழ்நாட்டின் கீழ்புத்துப்பட்டு. விழுப்புரம் மாவட்டத்தில், மரக்காணத்து உப்பளங்களுக்குத் தெற்கே கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி, மஞ்சனீஸ்வரர் ஐயனார் கோயிலால் பெயர் பெற்ற இவ்வூரில், 1983 முதல் கடல் கடந்து வந்த ஈழத்தமிழருக்காகத் தமிழ்நாட்டில் அமைக்கப்பட்ட முகாம்களுள் ஒன்று உள்ளது. 2021 முதல் இவை இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்கள் எனப்படுகின்றன. யாழ்ப்பாணம் இவ்வூருக்கு ஏறத்தாழ நேர் தெற்கே, இருநூற்றைம்பது கிலோமீட்டருக்குச் சற்று மேற்பட்ட தூரத்தில் இருக்கிறது. கடிகாரத்தின் நேரமும் இரண்டிடத்திலும் ஒன்றே. ஆயினும் கனடாவின் பிரஜையாகிவிட்டவர் விமானச் சீட்டு வாங்கிக்கொண்டு மார்ச் மாதத்தில் யாழ்ப்பாணம் போய்விடலாம். முகாமில் பதிவுபெற்றவரோ அரசின் அனுமதியின்றி நாட்டைவிட்டு வெளியேற இயலாது. முகாம்வாசிகள் எல்லோரும் அவ்விரு கல்லூரிகளின் மாணவர் பரம்பரையினர் அல்லர். மன்னார், திருகோணமலை முதலிய இடங்களைப் பூர்வீகமாகக் கொண்ட குடும்பங்களும் இத்தகைய முகாம்களில் உண்டு. எனினும், பெற்றோர் பேசக் கேட்ட ஊரைக் கண்ணால் காணாமலே இங்குப் பிறந்து வளர்ந்த ஓர் இளைஞருக்கு, அம்மைதானமும் அதைச் சூழ்ந்த மக்களும் கைப்பேசியில் தோன்றுவது வெறும் விளையாட்டுக் காட்சியன்று. நேரலையினால் பெரும் பயன் அடையக்கூடியவர்கள் தொலைவில் இருப்பவர்களைக் காட்டிலும் போக முடியாதவர்களே என்பது இக்கட்டுரையாளனின் துணிபு.

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டு ஒளிபரப்பின் சரித்திரம் யாழ்ப்பாணத்தின் அனுபவத்துக்கு நேர்மாறானது. அங்கு 1939இலேயே கல்லூரிக் கால்பந்து தொலைக்காட்சியில் காட்டப்பட்டது. நுழைவுச்சீட்டு வருமானம் குறையும் என்று அஞ்சிய தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம் 1950களில் ஒளிபரப்புகளுக்கு வரம்பு விதித்தது. 1984இல் உச்ச நீதிமன்றம் அக்கட்டுப்பாட்டைத் தகர்த்தபின், கல்லூரிகள் தம் ஆட்டங்களைத் தாமே விற்கத் தலைப்பட்டன. 2006இல் கூடைப்பந்துத் தொடரை இணையத்தில் இலவசமாகக் காட்டிய காலம் மாறி, 2018இல் ஈஎஸ்பிஎன் பிளஸ் என்னும் சந்தாச் சேவை வந்தது. 2023 முதல் பிக் டென் எனும் கல்லூரிக் கூட்டமைப்பின் சில ஆட்டங்கள் பீகாக் இணையச் சேவையில் சந்தா செலுத்தியவருக்கு மட்டுமே கிட்டலாயின. அங்கு திறந்திருந்த கதவுக்கு நேரலை பூட்டுப் போட்டது; யாழ்ப்பாணத்திலோ, கதவே இல்லாத சுவரில் அது ஒரு வாயிலை அமைத்தது.

இந்தியப் பல்கலைக்கழக விளையாட்டு இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. ரொஹிண்டன் பாரியா கோப்பைக்கான துடுப்பாட்டம் 1935-36 முதல் நடந்தும் அதைக் கண்டவர் சிலரே. 2020 பிப்ரவரியில் புவனேசுவரத்தில் தொடங்கிய கேலோ இந்தியா பல்கலைக்கழக விளையாட்டுகளைப் பிற்பாடு தூர்தர்ஷனோடு பிரசார் பாரதியின் யூடியூப் அலைவரிசையும் காட்டிவருகிறது. போட்டியை நடத்தும் பல்கலைக்கழகமே தன் அலைவரிசையில் அதை ஒளிபரப்புவதும் இப்போது உண்டு. கீழ்புத்துப்பட்டுக்கு அருகே காலாப்பட்டில் 1985இல் நிறுவப்பட்ட புதுவைப் பல்கலைக்கழகம் இருந்தும், அண்டை ஊரார் அதன் அணியைப் பின்தொடரும் வழக்கம் வேரூன்றவில்லை. நேரலை படத்தைத் தரலாம். நூறாண்டுப் பழம்பகையும் பாசமும் இன்றி அபிமானிகளை அது உண்டாக்கிவிடாது.

யாழ்ப்பாணத்தில் நேரலையின் விளைவுகள் பல. மத்திய கல்லூரியின் சுழற்பந்து வீச்சாளர் விஜயகாந்த் வியாஸ்காந்த் 2020இல் லங்கா பிரிமியர் லீக்கிலும் 2024இல் ஐ.பி.எல்.லில் சன்ரைசர்ஸ் ஐதராபாத் அணியிலும் ஆடியபோது, அவரைக் கல்லூரி நாளிலேயே திரையில் கண்டிருந்த வெளிநாட்டு அபிமானிகளுக்கு அவர் புதியவராக இல்லை. மறுபுறம், ஊர்வலத்தின் தூசியும் வெயிலும் எதிரணியினரின் கேலியும் தனியறையில் கைப்பேசியை நோக்கியிருப்பவருக்கு வாய்ப்பதில்லை. பக்கத்தில் நிற்பவரோடு வாதிட்ட இன்பத்தை வாட்ஸ்அப் குழு ஓரளவே ஈடுசெய்கிறது.

முற்காலப் போட்டிகளுக்கு ஓட்டப் பதிவேடும் நினைவு மலர்களும் சில புகைப்படங்களுமே சாட்சி. இன்றைய போட்டிகளோ முதற்பந்து முதல் இறுதிவரை ஒளிப்பதிவாக எஞ்சுகின்றன. ஆனால் அப்பதிவுகள் தனியாரின் அலைவரிசைகளில் கிடக்கின்றன; கணக்கு மூடப்பட்டாலோ நிறுவனத்தின் கொள்கை மாறினாலோ அவை ஒரே நாளில் மறைந்துவிடக்கூடும். ஆண்டுதோறும் முழு ஆட்டத்தின் பிரதியைப் பெற்று, இரு கல்லூரிகளின் நூலகங்களும் தம்வசம் காத்துவைக்க ஏற்பாடு செய்தல் வேண்டும். பழைய மாணவர் சங்கங்களுக்கு அதற்கான பொருளும் ஆட்களும் இன்று இருக்கவே இருக்கின்றன.