விண்கலம் ஓட்ட வந்த வழிகள்: சிமுலேட்டர் ஆர்வலர்களின் நுழைவு வரலாறு

விண்வெளிப் பயண சிமுலேட்டர் விளையாட்டுகளைப் பற்றி எழுதப்படும் வரலாறு பெரும்பாலும் அவற்றைப் படைத்தவர்களின் வரலாறாகவே இருக்கிறது. எந்த ஆண்டில், எந்தக் கணினியில், யார் செய்தார் என்று பட்டியல் நீள்கிறது. அந்த விளையாட்டை ஒருவர் முதன்முதலில் எங்கே கண்டார், எப்படிப் பெற்றார், வந்த நாளில் அவருக்கு என்ன தெரிந்திருந்தது என்ற கேள்விகள் ஓரத்திலேயே கிடக்கின்றன. இந்தக் கட்டுரை அவற்றைத்தான் எடுத்துக்கொள்கிறது. ஆர்வலர் எந்த வழியாக வந்தாரோ, அந்த வழியே விண்பயணத்தைப் பற்றி அவர் முதலில் எதைக் கற்றார் என்பதையும் பெருமளவு தீர்மானித்தது என்பது என் வாதம். ராக்கெட்டுகள் செய்தியில் அடிபடும்போதெல்லாம் இந்த விளையாட்டுகளுக்கும் ஆள் சேரும் என்ற பரவலான நம்பிக்கை, இந்த வரலாற்றின் முன்னால் பாதிதான் நிற்கிறது.

நிரலைத் தட்டி எடுத்த தலைமுறை

1969 ஜூலை 20 அன்று அப்போலோ 11 நிலவில் இறங்கியது. சில மாதங்களில், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்து லெக்சிங்டன் உயர்நிலைப் பள்ளி மாணவர் ஜிம் ஸ்டோரர், பிடிபி-8 கணினியில் ஃபோக்கல் மொழியில் நிலவிறக்க விளையாட்டு ஒன்றை எழுதினார். திரை கிடையாது, டெலிடைப் இயந்திரம் தாளில் அச்சடிக்கும். கலம் 120 மைல் உயரத்தில், மணிக்கு 3,600 மைல் வேகத்தில் விழுந்துகொண்டிருக்கும். 10 விநாடிக்கு ஒருமுறை உயரம், வேகம், மீதமுள்ள எரிபொருள் ஆகியவை ஒரு வரியாக அச்சாகி வரும். அடுத்த 10 விநாடிகளுக்கு, விநாடிக்கு எத்தனை பவுண்டு எரிபொருளை எரிப்பது என்று விளையாடுபவர் ஒரு எண்ணைத் தட்ட வேண்டும்: பூஜ்யம், அல்லது 8 முதல் 200 வரை ஏதாவது ஒன்று. முன்கூட்டியே எரித்தால் பாதி வழியில் எரிபொருள் தீரும். தாமதித்தால் நிலவில் புதுப் பள்ளம் விழும்.

எரிபொருள் குறையக் குறையக் கலத்தின் எடையும் குறைவதால், அதே உந்துவிசை முன்னைவிட வேகமாகக் கலத்தைத் தள்ளும். பள்ளி மாணவர் ஒருவர் இதைக் கணக்கில் கொள்ளாமல் விட்டிருந்தாலும் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஸ்டோரர் விடவில்லை. சியோல்கோவ்ஸ்கி 1903இல் வெளியிட்ட ராக்கெட் சமன்பாட்டையே எண் தொடராக விரித்துக் கணக்கிட்டார். இந்த வகை விளையாட்டின் முதல் படியிலேயே இயற்பியலில் சமரசம் இல்லை என்பது, பின்னால் வந்த எல்லாவற்றையும் புரிந்துகொள்ள உதவும்.

அது பரவியது அச்சுத் தாள் வழியாக. டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷனில் கல்விப் பணிகளைக் கவனித்துவந்த டேவிட் ஆல், அதை பேசிக் மொழிக்கு மாற்றினார். 1973இல் அவர் தொகுத்த விளையாட்டு நிரல் நூலில் அது இடம்பெற்றது. 1978இல் நுண்கணினிகளுக்காகத் திருத்தி வெளியிட்ட பதிப்பு 10 லட்சம் பிரதிகளைத் தாண்டி விற்றது. புதிதாகக் கணினி வாங்கிய ஒருவர், செய்துபார்க்க ஏதாவது வேண்டுமே என்று அந்த நூலைப் புரட்டினார். நிலவிறக்கம் கண்ணில் பட்டது. விளையாட வேண்டுமானால் முதலில் வரி வரியாகத் தட்டியாக வேண்டும். நிலவின் ஈர்ப்பு முடுக்கம், கலத்தின் எடை, புகை வெளியேறும் வேகம் எல்லாம் அவர் விரல் வழியாகத்தான் கணினிக்குள் போயின. ஒரு குறியை மாற்றித் தட்டினால் விடை கோணலாக வரும். எந்த வரியில் பிசகியது என்று தேடும்போது சமன்பாட்டைப் படித்தே ஆக வேண்டும். ஈர்ப்பு முடுக்கத்தை மாற்றி வைத்து வேறு கோளில் இறங்கிப் பார்க்கவும் ஒரு வரியைத் திருத்தினால் போதும். விளையாட்டின் உட்புறத்தைப் பார்த்துவிட்டுத்தான் வெளிப்புறத்துக்கு வர முடிந்த ஒரே தலைமுறை அது.

நிரல் அச்சில் இருந்ததன் பயன் 2024இல் இன்னொரு முறை தெரிந்தது. மிகக் குறைந்த எரிபொருளில் இறங்கும் முறையைத் தேடிய மார்ட்டின் சி. மார்ட்டின் என்ற மென்பொருள் பொறியாளர், ஸ்டோரரின் மூல நிரலில் ஓரிடத்தில் இரண்டால் வகுக்கத் தவறியிருப்பதைக் கண்டுபிடித்தார். ஏறத்தாழ 55 ஆண்டுகளாக அது யார் கண்ணிலும் படவில்லை. தரையை ஒட்டி நூலிழையில் கலத்தை நிறுத்தப் பார்ப்பவருக்கு மட்டுமே அந்தப் பிழை தட்டுப்படும்.

இதே காலத்தில் இன்னொரு வாசலும் இருந்தது. ஹியூலெட்-பேக்கர்டு 1975இல் கொண்டுவந்த எச்பி-25 கால்குலேட்டருக்கான பயன்பாட்டு நூலில் நிலவிறக்க நிரல் ஒன்று அச்சாகியிருந்தது. அந்தக் கருவியின் நினைவகம் மொத்தம் 49 படிகள்தான். அலுவலகக் கணக்குக்காக அதை வாங்கிய பொறியாளர்கள், தேடாமலேயே இந்த விளையாட்டைக் கண்டார்கள்.

காசும் கையேடும்

1973இல் ஸ்டோரரின் கருவைப் படமாக்கியவர் ஜேக் பர்னஸ். டிஜிட்டல் நிறுவனத்தின் ஜிடி40 முனையத்தின் திறனைக் காட்ட, ஒளிப் பேனாவால் உந்துவிசையைக் கூட்டிக் குறைக்கும் நிலவிறக்கத்தை அவர் செய்தார். 1979இல் அடாரி அதைப் பொது விளையாட்டுக் கூடங்களுக்குக் கொண்டுவந்தது. அங்கே காசு போட்டால் எரிபொருள் கிடைத்தது. எரிபொருள் என்பது அளந்து செலவிட வேண்டிய பொருள் என்பதை இதைவிட நேரடியாக யாரும் கற்றுத்தந்ததில்லை. ஆனால் இந்த வாசல் நீண்ட நாள் திறந்திருக்கவில்லை. அதே ஆண்டு வந்த 'ஆஸ்டிராய்ட்ஸ்' கூட்டத்தைத் தன்பக்கம் இழுத்துக்கொண்டது. நின்று யோசிக்க நேரம் தராத இடத்தில் சுற்றுப்பாதை இயக்கவியல் வேர்விடாது என்றே நினைக்கிறேன்.

1980களிலும் 1990களின் தொடக்கத்திலும் பெட்டியில் வந்த விளையாட்டுகளைச் சுருக்கமாகச் சொன்னால் போதும். பிற்காலத்தில் நாசாவின் விண்வெளி அறிவியல் பிரிவுக்குத் தலைமை ஏற்ற வெஸ்லி ஹன்ட்ரஸ், 1982இல் ஆப்பிள் 2 கணினிக்காக 'ராந்தவூ' செய்தார். 1983இல் ஸ்டீவ் கிச்சன் அடாரி 2600க்கு விண்ணோடம் ஒன்றைத் தந்தார். 1994இல் மைக்ரோசாஃப்ட் ஸ்பேஸ் சிமுலேட்டர் வந்தது. இவற்றை நாடியவர்களில் கணிசமானோர் விமான சிமுலேட்டர் பழக்கத்தோடு வந்தவர்கள். கையேட்டைப் படித்து, பொத்தான்களின் வரிசையை மனப்பாடம் செய்து ஓட்டுவதே இந்த வாசலின் பாடம்.

இந்தக் காலத்தில் என் கவனத்தை இழுப்பது, சிமுலேட்டர் என்றே பெயர் சூட்டிக்கொள்ளாத ஒரு விளையாட்டு. டேவிட் பிராபன் 1993இல் வெளியிட்ட 'ஃபிரான்டியர்: எலீட் 2' முந்தைய 'எலீட்'டைப் போல வணிகமும் சண்டையும் நிறைந்தது. ஆனால் கலங்கள் நியூட்டன் விதிப்படி நகர்ந்தன. எஞ்சினை அணைத்தாலும் கலம் நிற்காது. வேகத்தைக் குறைக்க வேண்டுமென்றால் எதிர்த்திசையில் எரிக்க வேண்டும். எதிரியை நோக்கிப் பாய்ந்தவர் அவனைத் தாண்டி வெகுதூரம் போய்விடுவார். ரசிகர்களில் பலர் இதைக் கடுமையாகக் குறை கூறினார்கள். சிலருக்கோ அந்த எரிச்சலே ஆர்வத்தின் தொடக்கமாயிற்று. கேட்காமலேயே நிலைமத்தை ஒரு பெரும் கூட்டம் நேருக்கு நேர் சந்தித்தது அப்போதுதான்.

முன்னே போக வேகத்தைக் குறை

லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் மருத்துவப் படிமவியல் ஆய்வாளராக இருந்த மார்ட்டின் ஷ்வைகர், 2000 நவம்பரில் 'ஆர்பிட்டர்' சிமுலேட்டரை இலவசமாக வெளியிட்டார். விண்வெளி விளையாட்டுகளில் உண்மையான இயற்பியல் இல்லையே என்ற குறைதான் அவரை உந்தியது. அதே குறையோடு தேடியவர்கள்தான் அதைக் கண்டடைந்தார்கள். அவர்களுக்காக புரூஸ் இர்விங் எழுதிய 'கோ ப்ளே இன் ஸ்பேஸ்' என்ற தொடக்க நூலும் இலவசமாகக் கிடைத்தது. ஆர்வலர்கள் அப்போலோ கலங்களையும் பிற கலங்களையும் தாங்களே செய்து சேர்த்தார்கள்.

இங்கே வந்தவர் முதல் வாரத்திலேயே ஒரு சுவரில் முட்டிக்கொள்வார். முன்னால் ஒரு விண்வெளி நிலையம் தெரிகிறது. மூக்கை அதை நோக்கித் திருப்பி எஞ்சினை இயக்குகிறார். சிறிது நேரம் நெருங்குவதுபோல் இருக்கும்; பிறகு நிலையம் கீழே நழுவி முன்னே போய்விடும். மேலும் எரித்தால் இன்னும் தொலைவாகும். முன்னோக்கி எரிப்பது சுற்றுப்பாதையை உயர்த்துகிறது. உயர்ந்த பாதையைச் சுற்றி முடிக்க அதிக நேரம் பிடிக்கிறது. எனவே துரத்துபவர் பின்தங்குகிறார். எட்டிப் பிடிக்க வேண்டுமானால் முதலில் வேகத்தைக் குறைத்துத் தாழ்ந்த பாதைக்கு இறங்க வேண்டும்.

1965 ஜூன் 3 அன்று ஜெமினி 4 கலத்தில் ஜேம்ஸ் மெக்டிவிட், தங்களைச் சுமந்துவந்த டைட்டன் ராக்கெட்டின் மேலடுக்கை நெருங்க முயன்றபோது நடந்ததும் இதுதான். இலக்கை நோக்கி உந்தினார். இலக்கு விலகிப் போனது. எரிபொருள் வீணாவதால் முயற்சி கைவிடப்பட்டது. விண்வெளி வீரர் பஸ் ஆல்ட்ரின் 1963இல் எம்ஐடியில் முடித்த முனைவர் ஆய்வு விண்கலங்களின் சந்திப்பைப் பற்றியதுதான். அதாவது விடை தாளில் இருந்தது. தாளில் இருப்பது கைக்கு வர ஒருமுறையாவது தோற்க வேண்டியிருக்கிறது. ஆர்பிட்டருக்குள் நுழைந்த ஒவ்வொருவரும் மெக்டிவிட்டின் தவறைத் தனியாக, தன் அறையில் செய்து பார்த்தார். என் பார்வையில் இந்த வகை விளையாட்டின் பெருமதிப்பு இந்த இடத்தில்தான் இருக்கிறது.

சிறிய கோளின் பெரிய வாசல்

மெக்சிகோ நகரத்தில் விளம்பரத் துறையில் இயங்கிய ஸ்குவாட் நிறுவனத்தில் பணியாற்றிய ஃபெலிப்பே ஃபலாங்கே, விளையாட்டு செய்ய வேண்டும் என்பதற்காக வேலையை விடப் போனார். அங்கேயே செய்யும்படி நிறுவனம் சொன்னது. சிறுவயதில் வாணவெடிகளில் ஏற்றி அனுப்பிய சிறு பொம்மைகளுக்கு அவர் வைத்த பெயரே விளையாட்டுக்கும் வந்தது. 'கெர்பல் ஸ்பேஸ் புரோகிராம்' முதல் பொதுப் பதிப்பு 2011 ஜூன் 24 அன்று வெளியானது. முழுமை பெற்ற 1.0 பதிப்பு 2015 ஏப்ரலில் வந்தது.

முதல் பதிப்பின் தேதியைக் கவனிக்க வேண்டும். அமெரிக்க விண்ணோடம் கடைசி முறையாகக் கிளம்பியது 2011 ஜூலை 8 அன்று. அதன் பிறகு 2020 மே 30 வரை அமெரிக்க மண்ணிலிருந்து மனிதர் யாரும் சுற்றுப்பாதைக்குப் போகவில்லை. கெர்பலின் பெருக்கம் அந்த இடைவெளிக்குள்ளேயே நிகழ்ந்தது. 1969இல் ஸ்டோரரைத் தூண்டியது அப்போலோ என்பது உண்மை. 2011க்குப் பிறகு வந்தவர்களை ஏவுதளம் அழைத்துவரவில்லை; வேறொன்று அழைத்தது.

அது என்ன என்று பார்க்க விளையாட்டின் அளவுகளிலிருந்து தொடங்கலாம். விளையாட்டில் பூமியின் இடத்தில் இருக்கும் கெர்பின் கோளின் ஆரம் 600 கி.மீ., பூமியின் ஆரத்தில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு. பூமியைத் தாழ்வாகச் சுற்ற விநாடிக்கு 7.8 கி.மீ. வேகம் வேண்டும், இங்கே ஏறத்தாழ 2.3 கி.மீ. போதும். வளிமண்டலம் 70 கி.மீ. உயரத்தில் முடிந்துவிடும். ஆகவே ஏவலிலிருந்து சுற்றுப்பாதைக்கோ சிதறலுக்கோ சில நிமிடங்களே. தோற்றவுடன் கலத்தைப் பிரித்து, ஒரு அடுக்கைக் கூட்டி, மறுபடி ஏவலாம். அளவைச் சுருக்கினாலும் விதிகளைச் சுருக்கவில்லை. சந்திப்பில் மெக்டிவிட்டின் தவறு இங்கேயும் அப்படியே நேரும்.

இந்தக் குறுகிய சுழற்சி காணொளிக்குப் பொருத்தமாக அமைந்தது. வானியற்பியல் படித்த ஸ்காட்லாந்துக்காரர் ஸ்காட் மேன்லி, கெர்பலை ஓட்டிக்கொண்டே ஏன் இந்த இடத்தில் எரிக்கிறோம் என்று யூடியூபில் விளக்கினார். ஏராளமானோர் விளையாட்டைத் தொடுவதற்கு முன்பே அதைப் பார்த்தார்கள். ஆகவே அவர்கள் வரும்போதே சொற்களோடு வந்தார்கள். எசன் நகரப் பொறியாளர் வால்டர் ஹோமன் 1925இல் நூலாக வெளியிட்ட பாதைமாற்ற முறையின் பெயர், பள்ளிப் பிள்ளைகளின் வாயில் இயல்பாகப் புழங்கத் தொடங்கியது. நாசாவில் வேலை பார்த்திருந்த ஓவியர் ரேண்டல் மன்ரோ 2014இல் வரைந்த ஒரு சித்திரம், சுற்றுப்பாதை இயக்கவியலில் தன் அறிவு எப்போது உயர்ந்தது என்று காட்டியது: பட்டப்படிப்பையும் வேலையையும் விடக் கெர்பலே அதில் செங்குத்தாக ஏறியிருந்தது. அதே ஆண்டு நாசாவும் ஸ்குவாடும் சேர்ந்து சிறுகோள் திட்டம் ஒன்றை விளையாட்டுக்குள் கொண்டுவந்தன.

காணொளி வாசலுக்கு ஒரு குறையும் உண்டு. மற்றவர் தோற்றதைப் பார்த்து வருபவர், தான் தோற்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விடலாம். கலத்தின் வடிவத்தை அப்படியே நகலெடுத்துப் பறந்தவருக்கு, அது ஏன் பறந்தது என்று தெரியாமலே போகலாம். எனினும் தோல்வி மலிவாக இருந்ததால் பலர் கடைசியில் சொந்தமாகவும் கட்டிப் பார்த்தார்கள்; பூமியை உண்மையான அளவில் தரும் கூடுதல் நிரல்களைத் தேடிப் போனவர்கள் அவர்களில் உருவானவர்களே.

2023 பிப்ரவரி 24 அன்று முழுமை பெறாத நிலையில் விற்பனைக்கு வந்த 'கெர்பல் 2', புதியவர்களை மனதில் வைத்தே செய்யப்பட்டது. சுற்றுப்பாதையை அசைபடங்களால் விளக்கும் பாடங்கள் அதில் இருந்தன; அவை நன்றாகவும் இருந்தன. விளையாட்டோ பிழைகள் மலிந்து, வாக்களித்த அம்சங்கள் பல இல்லாமல் வந்தது. அதைச் செய்த ஸ்டுடியோ 2024இல் மூடப்பட்டது. திட்டமிட்டுக் கட்டிய ஒரே வாசல் இப்படி முடிந்தபோது, தொடங்குபவர்களுக்கு 2011இன் கெர்பலே மீண்டும் வழியானது.

கணினி இல்லாதவர்களுக்கு இன்று கைபேசியில் 'ஸ்பேஸ்ஃப்ளைட் சிமுலேட்டர்' இருக்கிறது; அடிப்படைப் பதிப்பு இலவசம். அது இருபரிமாண விளையாட்டு. அடுக்கு கழற்றுவதையும் பாதையை உயர்த்துவதையும் நிலவுக்கு மாறுவதையும் விரல் நுனியில் கற்கலாம். ஆனால் தட்டையான உலகில் சுற்றுப்பாதைகள் ஒன்றுக்கொன்று சாய்ந்திருக்க முடியாது. இந்த வழியாக வருபவர், பாதையின் தளத்தைத் திருப்புவது எவ்வளவு எரிபொருளை விழுங்கும் என்பதை, கெர்பலுக்கோ ஆர்பிட்டருக்கோ மாறும் நாளில்தான் முதன்முதலாகச் சந்திப்பார்.