வேட்டைத் தோட்டா: மருந்தும் குண்டும்

வேட்டைத் துப்பாக்கிக்குக் கையால் வெடிமருந்து கெட்டிக்கும்போது எந்த மருந்தை எந்தக் குண்டோடு சேர்ப்பது என்பதைத் தீர்மானிப்பது ஒரு கலை. பலர் இவற்றை இரு தனித் தேர்வுகளாகக் கருதுவது பிழை. குண்டின் எடையும் குழலின் விட்டமும் முடிவானபின் மருந்துக்கு மிஞ்சும் இடம் குறுகியதே. தமிழ்நாட்டில் இக்கலை ஒருபுறம் குருவிக்காரரும் மலைவாழ் குடிகளும் கையாண்ட நாட்டுத் துப்பாக்கியிலும், மறுபுறம் நீலகிரி, சேலம் காடுகளில் வேட்டையாடிய ஐரோப்பியரின் ரைஃபிளிலும் வளர்ந்தது.

கறுப்பு மருந்து

வெடியுப்பு, கந்தகம், கரி ஆகிய மூன்றும் சேர்ந்தது கறுப்பு மருந்து. உவர்மண்ணைக் கரைத்து வடித்துக் காய்ச்சி வெடியுப்பு எடுப்பது தென்னாட்டில் உப்பரவர் செய்துவந்த தொழில்களுள் ஒன்று. கரிக்கு இலேசான கட்டையே உகந்தது. எருக்கங்கட்டைக் கரியும் துவரைமாற்றுக் கரியும் இந்தியாவில் இதற்குப் பெயர்பெற்றவை. வன்மரக் கரி மெதுவாக எரிந்து குழலில் கசடு சேர்க்கும்.

மருந்தின் வேகம் மணியின் அளவைப் பொறுத்தது. நுண்மணி சட்டென எரியும். பருமணி நின்று எரியும். சிறு குழலுக்கு நுண்மணியும் பெருங்குழலுக்குப் பருமணியும் என்பது உலகெங்கும் நின்ற விதி. நாட்டுத் துப்பாக்கியில் வாய்வழியாக மருந்தைக் கொட்டி, தேங்காய் நாரோ பழந்துணியோ திணித்து, கோலால் இடித்து, அதன்மேல் ரவையோ குண்டோ இட்டு, மீண்டும் அடைத்து, பின்புறக் காம்பில் கேப் (தீமூட்டும் சிறு மூடி) வைப்பார்கள். கௌதாரிக்கும் காடைக்கும் ரவை, காட்டுப்பன்றிக்கு ஒற்றை ஈயக்குண்டு. அடைப்பு தளர்ந்தால் மருந்து பாதி வீணாகும். குண்டுக்கும் மருந்துக்கும் இடையே வெற்றிடம் விழுந்தால் குழலே வெடிக்கலாம். எழுத்தறியாத கைகள் இந்த நுட்பத்தைத் தலைமுறைகளாகக் காத்துவந்தன. வாக்ரிபோலி பேசும் குருவிக்காரரை எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகள், பழங்குடிகள் பற்றிய தொகுப்பில் அப்பெயரிலேயே சேர்த்தார். அவர்களது துப்பாக்கித் திறன் அதைவிட விரிவான பதிவுக்குத் தகுதியானது.

கறுப்பு மருந்தின் கசடு காற்றின் ஈரத்தை இழுத்துக் குழலைத் துருப்பிடிக்கச் செய்யும். வெந்நீர் ஊற்றிக் கழுவுவதே அதற்குப் பரிகாரம். எண்ணெய் மட்டும் போதாது.

எக்ஸ்பிரஸ் ரைஃபிள்

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்தியாவுக்கு வந்த எக்ஸ்பிரஸ் வகை இரட்டைக்குழல் ரைஃபிள்களின் பெட்டியிலேயே குண்டு வார்க்கும் அச்சும் தோட்டா நிரப்பும் கருவிகளும் இருந்தன. கடையிலிருந்து எட்டாத் தொலைவில் முகாமிடுவோருக்கு அவை இன்றியமையாதவை. மருந்தையும் குண்டையும் கிரெயின் கணக்கில் நிறுத்தனர். ஒரு பவுண்டுக்கு 7000 கிரெயின். .450 எக்ஸ்பிரஸ் தோட்டாவில் 120 கிரெயின் கறுப்பு மருந்தும் 365 கிரெயின் ஈயக்குண்டும் சேர்வது வழக்கமான இணை. மெல்லிய மானுக்கு இலேசான, நுனி குழிந்த குண்டு. காட்டெருதுக்கு வெள்ளீயம் கலந்து கெட்டியாக்கிய கனத்த குண்டு. இலேசான குண்டு வேகமாகப் போகும், ஆனால் தோளெலும்பில் சிதறி விலங்கைக் காயத்தோடு ஓடவிடும். ஆகவே பெரிய விலங்குக்குக் கனமான குண்டே உரியது.

நீலகிரியில் வேட்டைக்கு வரம்பும் இருந்தது. 1879இல் வேட்டை விலங்குகளையும் மீன்களையும் காக்கும் தனிச்சட்டம் அம்மலைக்கு வந்தது.

கார்டைட்டும் அருவங்காடும்

1889இல் ஃபிரெடரிக் ஏபலும் ஜேம்ஸ் டூவரும் பிரிட்டனில் உருவாக்கிய கார்டைட், நூல் வடிவிலான புகையில்லா மருந்து. 1898இல் ஜான் ரிக்பி நிறுவனம் கொணர்ந்த .450 நைட்ரோ எக்ஸ்பிரஸ் வெறும் 70 கிரெயின் கார்டைட்டால் 480 கிரெயின் குண்டை நொடிக்கு 2150 அடி வேகத்தில் செலுத்தியது. மேலே சொன்ன 120 கிரெயினோடு ஒப்பிட்டால் மாற்றத்தின் பருமன் விளங்கும். பழைய கறுப்பு மருந்துத் துப்பாக்கியில் புகையில்லா மருந்தைக் கெட்டிப்பது சாவை அழைப்பது. அழுத்தம் பல மடங்கு உயர்ந்து குழல் பிளந்துவிடும்.

கார்டைட்டின் குறை, வெப்பம். இங்கிலாந்துக் குளிரில் அளந்த அளவு சேலத்துச் சித்திரை வெயிலில் மிகையான அழுத்தம் தரும். வெடித்த தோட்டா அறையில் சிக்கித் திறக்க மறுக்கும். எனவே வெப்பநாடுகளுக்கென மருந்தைக் குறைத்த தோட்டாக்கள் தனியே தயாராயின. இரட்டைக்குழல் ரைஃபிளின் இரு குழல்களும் ஒரே புள்ளியில் சுடும்படி ஒரு குறிப்பிட்ட மருந்துக்கும் குண்டுக்கும் பொருத்தப்பட்டவை என்பதால், அளவை மாற்றினால் குறியும் பிரியும்.

குன்னூரை அடுத்த அருவங்காட்டில் 1904இல் அரசுக் கார்டைட் தொழிற்சாலை எழுந்தது. குளிர்ந்த மலையும் காட்டேரி அருவியிலிருந்து பெற்ற மின்சாரமும் அதற்கு வாய்த்தன. இதன் உற்பத்தி பெரும்பாலும் படைக்கே உரியது. எனினும் தமிழ் மண்ணில் புகையில்லா மருந்தின் வரலாறு இங்கிருந்துதான் எழுதப்பட வேண்டும்.

குண்டின் வகை

புகையில்லா மருந்தின் வேகத்தை வெற்று ஈயம் தாங்காது. எனவே செம்பு அல்லது நிக்கல் கலவை உறை வந்தது. முழு உறைக் குண்டு யானைக்கும் காட்டெருதுக்கும். நுனி ஈயம் தெரியும் மென்முனைக் குண்டு புலி, மானுக்கு. கல்கத்தாவை அடுத்த டம்டம்மில் 1890களில் செய்த விரிகுண்டுகள் போரில் கூடாது என 1899இல் ஹேக் மாநாடு அறிவித்தது. வேட்டையில் அத்தகைய குண்டுகளே விலங்குக்கு விரைந்த சாவைத் தந்தன. சேலம், தருமபுரி காடுகளில் ஆட்கொல்லிப் புலிகளைச் சுட்ட கென்னத் ஆண்டர்சன் .405 வின்செஸ்டரைக் கையாண்டார். அதன் குண்டு 300 கிரெயின்.

20ஆம் நூற்றாண்டில் எரிவேகம் வேறுபட்ட பல மருந்துகள் வந்தன. இங்கே கறுப்பு மருந்தின் விதி தலைகீழானது: குழல் குறுகிக் குண்டு கனக்கும்போது மெதுவாக எரியும் மருந்து. குழல் அகன்று குண்டு இலேசானால் விரைவான மருந்து. குறைந்த அளவில் தொடங்கி, சிறுசிறு ஏற்றத்தில், ஒவ்வொரு கட்டத்திலும் கேப்பையும் தோட்டா உறையையும் உற்றுப் பார்ப்பதே பாதுகாப்பான முறை.

இன்றைய நிலை

1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைக் கடுமையாகக் கட்டுப்படுத்தியது. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி தோட்டா தயாரிக்க உரிமம் வேண்டும். அருவங்காடு ஆலை 2021 முதல் மியூனிஷன்ஸ் இந்தியா நிறுவனத்தின்கீழ் உள்ளது.